அப்பா நலமாக இருக்கிறார், மாவுதான் விற்கவில்லை

நாவல்குடி,
கூத்தாநல்லூர் வழி.
19-1-2026

மதிப்புக்கும், இப்போதைக்குக் கோபத்துக்கும் உரிய சபிஹா அக்கா அவர்களுக்கு,

கடிதத்தைப் படிக்காமல் கிழித்துவிடாதீர்கள். உள்ளே ஒரு மாவுப் பை மடித்து வைத்திருக்கிறேன். கிழிப்பதாக இருந்தால் அதைப் பார்த்துவிட்டுக் கிழியுங்கள்.

என் எண்ணை ப்ளாக் செய்துவிட்டீர்கள். அம்மா போனிலிருந்து அழைத்தேன். "அக்கா" என்று சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். தபால்காரரை ப்ளாக் செய்ய இன்னும் வசதி வராததால் தபாலில் வருகிறேன். எங்கள் பள்ளி ஆண்டு மலரின் கடைசிப் பக்கத்தில் 'அட்டை வடிவமைப்பு: சபிஹா, தஞ்சாவூர்' என்று போட்டு முகவரியும் எண்ணும் கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு உங்கள் எண் எனக்குக் கிடைத்ததும் அங்கிருந்துதான்.

ஆமாம், ஓய்வுபெற்ற தாசில்தார் குஞ்சிதபாதம் நான்தான். பதினொன்றாம் வகுப்பு, ஆ பிரிவு. சொம்புக்குள் வாயை வைத்துப் பேசினால் அப்படி ஒரு கம்பீரம் வருகிறது. திருக்கடையூரில் எனக்கு அறுபதாம் கல்யாணம், பத்திரிகை அடிக்க வேண்டும் என்று கேட்டேன். நீங்கள் வரைந்து போனுக்கு அனுப்புவீர்கள், தோழிகள் நாலு பேர் சேர்ந்து சிரிப்போம், அவ்வளவுதான் என்று நினைத்தேன். பிறகு நீங்கள் அழைத்தபோது அம்மா எடுத்து, "தாசில்தாரா? இது எங்க எழில்மொழி நம்பருங்க" என்று சொன்னார். அத்தோடு என் பதவி போயிற்று.

மன்னிப்பைக் கடைசியில் கேட்கிறேன். முதலில் ஆபத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மா பெயர் அம்சம். போன வருடத்திலிருந்து இடியாப்ப மாவு போடுகிறார். எங்கள் குத்தகை நிலத்து நெல்தான். அரிசியைக் கழுவி, உலர்த்தி, மில்லில் அரைத்து வந்ததை வறுத்து, சலித்து எல்லாம் அவரே. வெந்நீர் ஊற்றிப் பிசைந்தால் போதும், அச்சிலிருந்து நூல் அறாமல் இறங்கும். கூத்தாநல்லூரில் அப்சர் பாய் கடையில் எண்பது பாக்கெட் வாங்கி வைத்தார். நோன்பு மாதத்துக்கு முன் விற்றால் நோன்பு முழுக்க எங்கள் மாவுதான் என்றும், விற்காவிட்டால் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்றும் பேச்சு. இதுவரை விற்றது ஏழு. எழுபத்து மூன்று பேர் அலமாரியில் உட்கார்ந்து என்னை முறைக்கிறார்கள்.

பேர் என்று ஏன் எழுதினேன் என்பது அந்தப் பையைப் பார்த்தால் புரியும். செய்து கொடுத்தவர் கண்ணுசாமி மாமா, அம்மாவின் தம்பி. ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறார். அவர் கம்ப்யூட்டரில் மூன்றே மாதிரிகள்தான்: கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. கல்யாணத்தில் ஜிகினா அதிகமாம், மஞ்சள் நீராட்டில் மயில் அதிகமாம், மூன்றாவதுதான் டீசன்டாக இருந்ததாம். அதனால் எங்கள் அப்பா புகழேந்தி முட்டை வடிவ வளையத்துக்குள் நிற்கிறார். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிகிறது. மேலிருந்து ரோஜா இதழ் உதிர்கிறது. 'புகழ் மாவு. என்றும் மறையாத தரம்.' அடியில் 'இவண்: குடும்பத்தார்'.

அப்பா நலமாக இருக்கிறார். மாவுதான் விற்கவில்லை.

இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நீங்கள்தான் மாற்றிக் கொடுக்க வேண்டும். தாசில்தார் சார்பாகவும் என் சார்பாகவும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பணிவுடன் (முதல் முறையாக),
எழில்மொழி

*

தஞ்சாவூர்,
22-1-2026

ஓய்வுபெற்ற தாசில்தார் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகைக்கு நான் செய்தது நான்கு மாதிரிகள், இரண்டு நாள் வேலை. பெரியவர் போனில் பார்க்கச் சிரமப்படுவார் என்று நினைத்து, அச்செடுத்துக்கொண்டு திருக்கடையூருக்கே பஸ்ஸில் போனேன். நீங்கள் சொன்ன மண்டபத்தில் வேறு ஒரு தம்பதி மாலை மாற்றிக்கொண்டிருந்தார்கள். குஞ்சிதபாதம் ஐயாவா என்று அவர்களிடம் போய்க் கேட்டேன். இல்லையம்மா, சாப்பிட்டுவிட்டுப் போ என்றார்கள். சாப்பிட்டேன். வெளியே வந்து உங்களுக்குப் போன் செய்தேன். மற்றது உங்களுக்குத் தெரியும்.

அன்றைக்கு ஒரு மருந்துக் கடைக்காரர் பெயர்ப்பலகை விஷயமாக என்னைத் தேடி வந்திருக்கிறார். அலுவலகம் பூட்டியிருந்தது. வேறு இடத்தில் செய்துகொண்டார்.

பஸ் பயணத்துக்காக எனக்குக் கோபம் இல்லை. நான் செய்வது ஒரு வேலை என்றே உனக்குத் தோன்றவில்லை பார், அதற்குத்தான். மருந்துக் கடைக்காரரை வைத்து விளையாடியிருப்பாயா? மாட்டாய். அங்கே பாட்டில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் "சும்மா ரெண்டு நிமிஷ வேலைதானே" என்றுதான் தொடங்குகிறார்கள். நீ அதையே கொஞ்சம் சத்தமாகச் சொன்னாய்.

ஆகவே இந்த வேலையை நான் எடுத்துக்கொள்வதாக இல்லை.

பையைப் பார்த்தேன். சிரித்தேன், பொய் சொல்லப் போவதில்லை. அப்புறம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 'வெந்நீர் போதும்' என்ற வரியைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. அது உன் அப்பாவின் சட்டைப் பைக்குக் கீழே எறும்பு அளவில் கிடக்கிறது. உன் அம்மாவின் பெயர் எங்குமே இல்லை.

நானும் கூத்தாநல்லூர்க்காரிதான். அப்சர் பாய் கடை தெரியும். உனக்கு உண்மையிலேயே அக்கறை இருந்தால் அந்தக் கடையில் இரண்டு மணி நேரம் நில். யார் எதை எடுக்கிறார்கள், எங்கே தொடுகிறார்கள், எதைத் திருப்பி வைக்கிறார்கள் என்று பார்த்து எழுது. ஒரு வார்த்தை பேசக் கூடாது. உன்னால் முடியாது என்பது என் கணிப்பு.

போன் வேண்டாம். எழுத்தில் இருந்தால் எனக்கும் ஆதாரம்.

சபிஹா

*

நாவல்குடி,
27-1-2026

சபிஹா அக்கா,

நின்றேன். குடியரசு தின விடுமுறையில், பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை, வாயைத் திறக்காமல். எங்கள் வகுப்பாசிரியருக்குத் தெரிந்தால் உங்களுக்குச் சால்வை போர்த்துவார். அப்சர் பாய் இரண்டு முறை வந்து என்னம்மா வேண்டும் என்று கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பாவம் ஊமைப் பெண் என்று கல்லாவில் சொல்லி எனக்கு ஒரு கடலை மிட்டாய் வரவழைத்தார். தின்றேன். நீங்கள் பேசக் கூடாது என்றுதான் சொன்னீர்கள்.

இனி கேளுங்கள். எழுத எழுதக் கை ஓடுகிறது.

மாவு வாங்க வந்தவர்கள் பதினாறு பேர். எல்லாரும் முதலில் பையை விரலால் நசுக்கிப் பார்க்கிறார்கள். நைசாக இருக்கிறதா என்று பார்க்கிறார்களாம். மற்றக் கம்பெனிப் பைகளில் ஒரு ஓரமாவது கண்ணாடி மாதிரி இருக்கிறது, உள்ளே வெள்ளையாக மாவு தெரிகிறது. எங்கள் பையில் எங்கே நசுக்கினாலும் அப்பா கன்னம்தான். ஒரு அக்கா கையை நீட்டி, முகத்தைப் பார்த்ததும் இழுத்துக்கொண்டார். ஒரு பெரியவர் பையை எடுத்து, ஏதோ மெல்ல முணுமுணுத்து, மரியாதையாகப் பழைய இடத்திலேயே வைத்தார். ஒரு குழந்தை, "இந்தத் தாத்தா செத்துட்டாரா?" என்று கேட்டது. அதன் அம்மா 'உஸ்' என்றார். அப்பாவுக்கு நாற்பத்தாறு வயதுதான் ஆகிறது. தாத்தாவாம்.

மூன்று பேர் பையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்கள், கொதிக்கிற தண்ணீரா பச்சைத் தண்ணீரா என்று. எறும்பைக் கண்டுபிடிக்க முடியாமல் வைத்துவிட்டார்கள். உண்மையிலேயே மூன்று பேர். எங்கள் மாவு அந்த எறும்பால் மூன்று முறை தோற்றது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கடலை மிட்டாய்தான் காப்பாற்றியது.

வீட்டுக்கு வந்ததும், இவ்வளவுதானா என்று போனில் ஒரு ஆப்பை இறக்கி நானே செய்தேன். சூரிய உதயம், மான், வயல், பதினொரு வகை எழுத்து. நாற்பது நிமிடத்தில் முடிந்தது. அம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மாவு எங்கடி?" என்று கேட்டார். நான் மாவை வைக்க மறந்திருந்தேன். இரண்டு நிமிட வேலை என்று இனி யாராவது சொன்னால் அந்த மானை அவர் மேல் ஏவி விடுகிறேன்.

அப்பா விஷயம் ஒன்று இருக்கிறது. அவருக்கு அந்தப் படம் பிடித்திருக்கிறது. ஒரு பையை வெட்டி, பீரோ கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறார். ஊரில் எத்தனையோ பேருடைய பேனருக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டியவர் அவர். ஒன்றில்கூட அவர் முகம் வந்ததில்லை. அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் நடவுக்குப் போனவர், அவருக்கு ஒரு போட்டோவே கிடையாது. இப்போது கடை அலமாரியில் அப்பா முகம் எழுபத்து மூன்று முறை இருக்கிறது. அதை எடுத்துவிடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கே.

அம்மாவும் சொல்லமாட்டேன் என்கிறார். மாவைத் திருப்பி எடுத்து வந்து கோழிக்குப் போட்டாலும் போடுவேன், அவர் மனசைக் கஷ்டப்படுத்தமாட்டேன் என்கிறார். ஆனால் தினமும் கடைக்குப் போய் எத்தனை மீதி என்று எண்ணிவிட்டு வருகிறார்.

எழில்மொழி

*

தஞ்சாவூர்,
31-1-2026

எழில்மொழிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என்னிடம் சம்பளத்துக்கு இருந்த ஒருவன்கூட இப்படிக் கவனித்து எழுதியதில்லை. இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு ஆடாதே.

வேலையை எடுத்துக்கொள்கிறேன். கட்டணம் உண்டு, தனித்தாளில் எழுதியிருக்கிறேன். முன்பணம் வந்த பிறகுதான் அச்சகத்துக்குப் போகும். ஊர்க்காரி, தெரிந்தவள் என்று குறைக்கமாட்டேன். கையெழுத்துப் போட வேண்டியது உன் அம்மா. மாவு அவருடையது. மாற்றம் இரண்டு முறைக்கு மேல் கேட்கக் கூடாது. குஞ்சிதபாதம் கேட்டால் ஒரு முறைகூட இல்லை.

மூன்று வரைபடங்கள் வைத்திருக்கிறேன். மூன்றிலும் பெயர் 'அம்சம் இடியாப்ப மாவு'. மூன்றிலும் உன் அப்பா படம் இல்லை. நடுவில் வெறுமையாக விட்டிருப்பது கண்ணாடி போலத் தெரியும் பகுதி, மாவே அங்கே பேசும். 'வெந்நீர் போதும்' முன்பக்கத்தில், கை எட்டும் தூரத்திலிருந்து படிக்கிற அளவில். வண்ணம் இரண்டே. சுற்றிலும் சும்மா கிடக்கும் இடத்தைப் பார்த்து, இங்கே ஒரு பூ போடலாமே என்று யாராவது சொல்வார்கள். போடக் கூடாது. அந்த இடம் சும்மா இல்லை, வேலை செய்கிறது.

உன் அப்பாவிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கடைக்காரரிடம், அதிகாரியிடம் எல்லாம் படத்தை எடுங்கள் என்று சுலபமாகச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். அந்த வீட்டில் யார் எந்த வேலை செய்கிறார்கள் என்று எழுதி அனுப்பு. மாவு சலிப்பதிலிருந்து கடையில் இறக்குவது வரை எல்லாம்.

நோன்புக்கு மூன்று வாரம்கூட இல்லை. பதினொன்றாம் தேதிக்குள் முடிவு வராவிட்டால் அச்சகத்தில் இடம் கிடைக்காது.

சபிஹா

*

நாவல்குடி,
8-2-2026

சபிஹா அக்கா, சபிஹா அக்கா,

இரண்டு முறை கூப்பிட்டதிலிருந்தே தெரிந்திருக்கும், விஷயம் பெரிது. அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து அச்சிலிருந்து இறங்கும் முதல் சுற்று மாதிரி கோணலாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை உங்கள் வரைபடங்களைக் கூடத்தில் பரப்பி வைத்தேன். கண்ணுசாமி மாமா வந்திருந்தார். பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. பாதித் தாள் வெறுமையாகக் கிடக்கிறதே, இதற்கா பணம், நான் ஒரு அங்குலம்கூட வீணாக்காமல் நிரப்பிக் கொடுத்தேனே என்றார். அந்த இடம் வேலை செய்கிறது மாமா என்றேன். எனக்குத் தெரியாமல் எந்த இடம் வேலைக்குப் போகிறது என்று கேட்டார். அது நல்ல பதில்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அப்பா தாள்களைக் கையில் எடுத்தார். மூன்று தாளையும் புரட்டினார். அவர் எதைத் தேடுகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. கடைசியில், "என் மூஞ்சிக்கு என்ன கொறச்சல்?" என்று மட்டும் கேட்டார். அம்மா உடனே தாள்களை அடுக்கி எடுத்துவிட்டார். பழையதே இருக்கட்டுங்க என்றார். கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போதுதான் அம்மா போன் அடித்தது. பையில் இருக்கும் எண். அம்மா கையெல்லாம் மாவு, அதனால் ஸ்பீக்கரில் போட்டார். கூத்தாநல்லூரிலிருந்து ஒரு அம்மா. குரலே அவ்வளவு இதமாக இருந்தது. கடையில் பையைப் பார்த்தாராம், மனசு கேட்கவில்லையாம். வீட்டுக்காரர் இல்லாமல் தனி ஆளாக நின்று மாவு அரைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறீர்களே, அல்லாஹ் உங்களுக்குத் துணையிருப்பான் என்றார். வீட்டுக்காரர் எதிரிலேயே டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளர் பாதியில் நின்றது.

அந்த அம்மா ஆறு பாக்கெட் வாங்கியதாகச் சொன்னார். அக்கா, மொத்தமாக விற்றதே ஏழு.

அம்மா மெதுவாகக் கேட்டார், "மாவு எப்படிங்க இருந்துச்சு? நூலு அறாம வந்துச்சா?"

"நாங்க பிரிக்கலம்மா. ஒங்களுக்கு ஒரு ஒத்தாசையா இருக்கட்டும்னுதான் வாங்குனோம். அப்படியே இல்லாதவங்களுக்குக் குடுத்துட்டோம்."

அம்மா நன்றி சொல்லி வைத்தார். அப்பா முதலில் என்னைப் பார்த்தார். மாமாவும் என்னைப் பார்த்தார். இது உன் வேலையா என்று அப்பா கேட்டார். சத்தியமாக இல்லை என்றேன். என் சத்தியத்துக்கு வீட்டில் மதிப்பில்லை. சொம்பைக் கொண்டுவந்து வைத்து, போனை எடுத்து எண்ணைக் காட்டி, திரும்ப அழைக்கவா என்று கேட்ட பிறகுதான் நம்பினார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் நான் ஒன்றும் செய்யாமல் இருந்தேன், அன்றைக்குத்தான் விசாரணை.

அப்புறம் அம்மா பேசினார். அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"ஏங்க, என் மாவ மாவுக்காக ஒருத்தர்கூட வாங்கலங்க. நல்லா இல்லேன்னு சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்ல. வாய்ல வச்சே பாக்கல."

அப்பா எழுந்துபோய் பீரோவில் ஒட்டியிருந்ததை உரித்து எடுத்து வந்தார். வெளிச்சத்தில் பிடித்து, முதல் முறை பார்ப்பவர் மாதிரி பார்த்தார். விளக்கைப் பார்த்தார், ரோஜா இதழைப் பார்த்தார். பிறகு மாமாவிடம், "மாப்ள, இதுல நான் போய்ச் சேந்துட்டேன்டா" என்றார். மாமா, டீசன்டாத்தான் இருக்கிறது மச்சான் என்று இழுத்தார். டீசன்டாத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறேன் என்றார் அப்பா. என் வாய் எங்கிருந்து வந்தது என்று இன்று தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது வரைபடத்தை அவரே எடுத்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா கையெழுத்துப் போட்டார். மாவு விரல் பதிந்திருக்கிறது, மன்னிக்கவும். முன்பணம் அனுப்பியாயிற்று. பேரம் பேசிப் பார்க்கிறேன் என்று நான்தான் சொன்னேன். நம்ம மாவுக்கு ஒருத்தர் பேரம் பேசினால் நமக்கு எப்படி இருக்கும் என்று கேட்டு அம்மா என்னை அடக்கிவிட்டார்.

நீங்கள் கேட்ட வேலைப் பட்டியல்: கழுவுவது, உலர்த்துவது, வறுப்பது, சலிப்பது அம்மா. அரைக்க மில்லுக்குக் கொண்டுபோவது, பிறகு டிவிஎஸ் வண்டியில் கடையில் இறக்குவது அப்பா. மழையானால் தன் சட்டையைக் கழற்றி மூட்டை மேல் போடுவார். வாய் பேசுவது நான்.

எழில்மொழி

*

தஞ்சாவூர்,
11-2-2026

எழில்மொழிக்கு,

அவசரம், ஆகவே கூரியரில். முதல் பை இதோடு வருகிறது. உன் அம்மா ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துச் சரி என்றால் நாளையே அச்சு ஓடும்.

பின்பக்கத்தில் உன் பட்டியலிலிருந்து இரண்டு வரி எடுத்துக்கொண்டேன். 'வறுத்துச் சலிப்பவர்: அம்சம். கடைக்குக் கொண்டுவருபவர்: புகழேந்தி.' எறும்பு அளவில் இல்லை. வாய் பேசுபவருக்கு இடமில்லை, மன்னிக்கவும்.

கையெழுத்துத் தாளோடு உன் அம்மா வைத்தனுப்பிய மாவை நேற்று பிசைந்தேன். நூல் அறவில்லை. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். வரைவதற்கு முன் பொருளைத் தொட்டுப் பார் என்று எல்லாரிடமும் சொல்கிறவள், உன் மேல் இருந்த கோபத்தில் அதை விட்டுவிட்டேன்.

இந்த வாரம் ஒருவர் வந்து, ரெண்டு நிமிஷ வேலைதானே என்றார். உன் மானை நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் போய்விட்டார். போகட்டும்.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். அவசியம் இருந்தால் மட்டும்.

சபிஹா

*

நாவல்குடி,
26-2-2026

அன்புள்ள சபிஹா அக்கா,

எண் திறந்திருக்கிறது, தெரியும். ஆனால் இதைப் போனில் சொன்னால் நடுவில் சிரித்துக் கெடுத்துவிடுவேன். அதனால் எழுத்தில்.

எழுபத்து மூன்றையும் அப்சர் பாய் கடையிலிருந்து எடுத்து வந்து, பிரித்து, திரும்பச் சலித்து, புதுப் பையில் போட்டோம். அப்பா இரண்டு நடையாகக் கொண்டுபோய் இறக்கினார். போகும் வழியில் ஒவ்வொரு கடைக்காரரிடமும் ஒரு பையைப் பின்பக்கம் திருப்பிக் காட்டி, கொண்டுவருபவர் நான்தான் என்கிறாராம். நெல் போடக் கொள்முதல் நிலையத்துக்குப் போகும்போதும் சட்டைப் பையில் ஒன்று இருக்கிறது. கண்ணுசாமி மாமா ஒரு பையைக் கேட்டு வாங்கிப்போய்க் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டால் தூசி தட்டுகிறார்.

நோன்பு தொடங்கி இரண்டாம் நாளே அப்சர் பாய் போன் செய்தார். அலமாரியில் எட்டுதான் மிச்சம், இன்னும் இருநூறு வேண்டும் என்றார். வீட்டில் யாரும் கத்தவில்லை. அம்மா அரிசி ஊற வைக்க எழுந்துபோய்விட்டார், அவ்வளவுதான். நான் மட்டும் வாய்க்கால் வரைக்கும் ஓடிவிட்டு வந்தேன்.

நேற்று இருநூறில் கடைசி நடைக்கு அப்பா கிளம்பியபோது அம்மாவும் வண்டியில் ஏறிக்கொண்டார். நான் சைக்கிளில் பின்னாலேயே. கடையில் நல்ல கூட்டம். அம்மா மாவு அலமாரி எதிரில் போய் நின்றார். பக்கத்தில் ஒரு அம்மா, கூடையோடு. எங்கள் அம்மா சும்மா நின்று பார்ப்பதைப் பார்த்துவிட்டு, எதை வாங்குவது என்று தெரியாமல் தவிக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

நம்ம பையை எடுத்து அம்மா கையில் வைத்தார். "இத எடுங்க. மூணு நாளா எங்க வீட்ல இதான். நூலு அறவே அறாது, பாத்துக்கங்க." உள்ளே தெரிகிற மாவை நகத்தால் தட்டிக் காட்டினார். வெந்நீர் போதும் என்பதை விரல் வைத்துப் படித்தும் காட்டினார். யார் செய்தது என்று அவருக்குத் தெரியாது. நான் வாயைத் திறக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

பிறகு கல்லாவுக்குப் போய், வரிசையில் நின்று, காசு கொடுத்து வாங்கினார். அப்சர் பாய் விழித்தார். வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்த அப்பா பையைப் பார்த்து, நம்ம மாவை நீ எதுக்குக் காசு கொடுத்து வாங்கினாய் என்று கேட்டார்.

"அந்தம்மா அவ்வளவு சொல்லுதுங்க. எப்படி வேணாங்கறது?"

எழில்மொழி